உதிர்ந்த வண்ணம் உதிர்ந்தபடியே இருக்கட்டும்

அன்புள்ள ஐயா,

லண்டனில் வேலை பார்க்கிறேன். இரண்டாம் உலகப் போர்க்கால விமானப்படையினரின் தோல் ஜாக்கெட்டுகளைச் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறேன். நார்ஃபோக் பக்கம் ஒரு பழம்பொருள் சந்தையில் அமெரிக்க ஏ-2 ஒன்று கிடைத்தது. முதுகில் வரிசையாகக் குண்டுப் படங்கள், பாதி உதிர்ந்துவிட்டன. எண்ணெய் பூசி, ஓவியரிடம் கொடுத்துப் புதுப்பிக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். தூரிகையும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

ஏ-2 1931இல் படைக்கு வந்த உடை, பெரும்பாலும் குதிரைத்தோல். முதுகுப் படங்கள் படையினர் தாங்களாக வரைந்துகொண்டவை. ஒரு தாக்குதலுக்குப் போய்வந்தால் ஒரு குண்டு. இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்காவின் எட்டாம் விமானப்படையில் 25 முறை போய்வந்தால் ஊர் திரும்பலாம். 1944இல் அது 30 ஆகி, பிறகு 35 ஆனது. அந்தப் படையில் மட்டும் 26,000 பேருக்கு மேல் இறந்தார்கள். உங்கள் ஜாக்கெட்டின் வரிசை எங்கே நிற்கிறது என்பது ஒரு மனிதரின் கணக்கு. ஓவியர் அழகுக்காக ஒரு குண்டைச் சேர்த்தாலும் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும்.

விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பழைய வண்ணம் தோலோடு சேர்ந்தே வெடித்திருக்கும். பின்னாளில் பூசியது வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்கியிருக்கும். போலியைக் கண்டுபிடிக்க இருக்கும் நல்ல சாட்சி இது. புதுப்பித்தால் அதை நீங்களே அழித்தவராவீர்கள்.

அந்தக் குண்டுகள் விழுந்த ஊர்களிலும் மனிதர்கள் இருந்தார்கள். 1943 இறுதியில் பிடிபட்ட ஓர் அமெரிக்கரின் முதுகில் அவரது விமானத்தின் பெயரான 'மர்டர் இன்க்' (கொலை நிறுவனம்) எழுதியிருந்தது. ஜெர்மானியப் பத்திரிகைகள் அவரது புகைப்படத்தைப் போட்டு, இவர்கள் கொலைகாரர்கள் என்று முழங்கின. பெருமை, பயம், வெறி எல்லாம் கலந்த ஆவணம் இந்தத் தோல். அதற்கு ஒப்பனை செய்ய நமக்கு உரிமையில்லை என்றே நினைக்கிறேன்.

எண்ணெய் பழைய தோலைக் கறுக்கச் செய்யும், தூசியையும் பிடித்துவைக்கும். அமிலமற்ற மெல்லிய தாளை உள்ளே திணித்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். கம்பி ஹேங்கர் கூடாது.

இடது மார்பில் பெயர்ப்பட்டை தைத்திருந்த ஊசித்துளைகள் இருக்கின்றனவா? உள்துணியில் மையால் எழுதிய பெயரோ எண்ணோ தெரிகிறதா? ஏதாவது கிடைத்தால் கேம்பிரிட்ஜ் அருகே டக்ஸ்ஃபோர்டில் உள்ள அமெரிக்க விமான அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் தேடுங்கள். அங்கே படையினரைப் பற்றிய பதிவுகள் பெயர்வாரியாக இருக்கின்றன.