நீதிக்கதைகளை நகைகளாகச் செய்ய எந்தக் கதை, எந்தப் பொருள் ஏற்றது?

நீதிக்கதைகளைக் கருவாக வைத்துக் கையால் நகை செய்ய எண்ணுபவர் எந்தக் கதையில், எந்தப் பொருளில் தொடங்கலாம் என்பது உங்கள் கேள்வி. அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் சுடுமண் நகை செய்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

வட்டமான பதக்கம் ஒன்றின் மீது காக்கையையும் நரியையும் வரைந்துவிட்டால் நீதிக்கதை நகை ஆகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். என் பார்வையில் அது கழுத்தில் மாட்டிய பாடப்புத்தகப் படம், அவ்வளவே. நகை உடலில் எப்படித் தொங்குகிறதோ அந்தத் தொங்கலே கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு இடம் தரும் கதையைத் தேடி எடுப்பது வேலையில் பாதி.

பஞ்சதந்திரத்தின் ஆமையும் அன்னங்களும் கதையைப் பாருங்கள். ஏரி வற்றும் காலத்தில் இரண்டு அன்னங்கள் ஒரு குச்சியின் இரு முனைகளையும் அலகால் பற்றிக்கொள்ள, அதன் நடுவை வாயால் கவ்விப் பறந்த ஆமை, கீழே இருந்தவர்களின் பேச்சைக் கேட்டு வாயைத் திறந்து விழுந்தது. காறை எலும்பின் இருபுறமும் அன்னங்கள், இடையே மெல்லிய பித்தளைக் கம்பி, நடுவில் தொங்கும் ஆமை என்று அமைத்தால் கழுத்தணிக்கு வேறு அலங்காரமே வேண்டாம். இந்தோனேசியாவின் சாவக (ஜாவா) தீவில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெண்டுட் கோயிலில் இந்தப் பறக்கும் ஆமை புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. வரையத் தொடங்கும் முன் அதன் படத்தைப் பார்த்துவிடுங்கள். மாமல்லபுரச் சிற்பத்தில் பின்னங்காலில் நின்று கைகளை உயர்த்தி, எலிகளை ஏமாற்றத் தவம் செய்வதுபோல் நடிக்கும் பொய்த்தவப் பூனை, நீண்டு ஒடுங்கிய தொங்கலுக்கு ஏற்ற வடிவம்.

காதணி என்றால் ஒரு காதில் வடையோடு காக்கை, மறு காதில் சற்றுத் தாழத் தொங்கி அண்ணாந்து பார்க்கும் நரி. “என்ன தாயி, சோடி மாத்திப் போட்டிருக்க?” என்று எங்கள் பக்கத்து ஆச்சிமார் கேட்கத்தான் செய்வார்கள், கேட்டால் நகை தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

ஈசாப்பின் நரியும் திராட்சையும் கதைக்கு மண் வேண்டாம், அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான் செய்யும் கடைசல் வேலை போதும். சுழலும் மரத்தின் மீது அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் படிந்துவிடும். கடைசலில் உருண்டை வடிவங்களே எளிதாக வரும் என்பதால் ஊதா மணிகளைக் கொத்தாகக் கோத்துக் காதில் தொங்கவிடுங்கள். எட்டாத பழம் அங்கே இருக்கிறது. நரியைச் செய்யவே வேண்டாம்.

மண்ணில் செய்வதானால், மண்பாண்டத்துக்குப் பெயர்பெற்ற காருக்குறிச்சி நமக்குப் பக்கம். குழைத்த மண்ணைத் துணியில் வடிகட்டிக் கல்லை நீக்குங்கள். உலரும்போதும் சுடும்போதும் மண் சுருங்குவதால், கம்பி நுழையும் துளையை ஈரத்திலேயே சற்றுப் பெரிதாக இடுங்கள். காக்கையின் அலகையும் நரியின் வாலையும் இயற்கையில் உள்ளதைவிடத் தடிமனாகச் செய்யாவிட்டால் முதலில் ஒடிவது அவைதான். வெயிலில் வைத்து அவசரப்படுத்தாமல் நிழலில் உலர்த்துங்கள். உள்ளே ஈரம் தங்கினால் சூளையில் வெடிக்கும். வீட்டு ஓவனை நம்ப வேண்டாம். அது ஏறக்குறைய 250 டிகிரி வரைதான் போகும். மண் மீண்டும் நீரில் கரையாத நிலையை அடைய 600 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே பானை சுடும் வேளாரிடம், கூலி பேசிக்கொண்டு, ஒரு பானைக்குள் உங்கள் உருவங்களை வைத்துச் சுட்டுத் தரும்படி கேளுங்கள்.