இயற்பியல் பட்டம்: எங்கே சேர்வது, சேர்ந்தபின் எதைப் படிப்பது?

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் பிரிவு. இயற்பியலில்தான் மேலே படிக்க விருப்பம். வீட்டுக்கு அருகிலுள்ள அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் கிடைக்கும் போலிருக்கிறது. ஆனால் ஐசர், ஐந்தாண்டு எம்.எஸ்சி., பொறியியல் இயற்பியல் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் நுழைவுத் தேர்வு எதுவும் எழுதவில்லை. மூன்றாண்டுப் பட்டம் படித்தால் ஆராய்ச்சிக்குப் போகவே முடியாதா? சேர்ந்தபின் எதில் கவனம் வைக்க வேண்டும்? (டெல்டா மாவட்டத்திலிருந்து ஒரு மாணவி)

பதில்: முதலில் உங்கள் அச்சத்துக்கு நேரான பதில். மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்தவர்கள் ஆராய்ச்சிக்குப் போக முடியும். ஆண்டுதோறும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். பி.எஸ்சி. மூன்றாண்டும் எம்.எஸ்சி. இரண்டாண்டும் சேர்ந்தால் ஐந்தாண்டு. ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களிலும் அதே ஐந்தாண்டுதான். ஆகவே காலத்தில் நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை. அந்த முதல் மூன்றாண்டுகளில் எவ்வளவு கணிதம் கற்கிறீர்கள், ஆய்வகத்தில் எவ்வளவு பழகுகிறீர்கள் என்பதில்தான் வேறுபாடு வருகிறது. ஆராய்ச்சி நிறுவனங்களில் அந்தப் பழக்கத்தைப் பாடத்திட்டமே கட்டாயமாக்கிவிடுகிறது. அருகிலுள்ள கல்லூரியில் அதில் ஒரு பகுதியை நீங்களே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்; எனவே இந்தப் பதிலின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

நீங்கள் கேள்விப்பட்ட படிப்புகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஐசர் நிறுவனங்கள் நாட்டில் ஏழு உள்ளன. நமக்கு அருகில் இருப்பவை திருவனந்தபுரமும் திருப்பதியும். அங்கே ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். பட்டம் தருகிறார்கள். தொடக்கத்தில் அடிப்படை அறிவியல் பாடங்களையும் கணிதத்தையும் பொதுவாகப் படித்து, அதன்பிறகே மாணவர்கள் முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடைசி ஆண்டு ஆய்வுத் திட்டத்துக்கு உரியது. சேர்க்கை ஐஏடி என்ற தேர்வின் வழியாக நடக்கிறது. அதில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகிய நான்கிலும் தலா 15 கேள்விகள் உண்டு என்பதால், உங்களைப் போல உயிரியல் படிக்காத கணினிப் பிரிவு மாணவர்கள் அந்தக் கால் பங்கை எப்படி ஈடுகட்டுவது என்று முன்கூட்டியே யோசித்துவைக்க வேண்டும். புவனேசுவரத்தில் உள்ள நைசர் நிறுவனத்தில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. உள்ளது, அதற்கு நெஸ்ட் தேர்வு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நான்காண்டு ஆராய்ச்சிசார் இளநிலைப் பட்டமும், சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தில் கணிதமும் இயற்பியலும் இணைந்த இளநிலைப் பட்டமும் உள்ளன. சென்னை ஐஐடியின் பொறியியல் இயற்பியல் ஒரு பி.டெக். படிப்பு, ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசையில் கிடைப்பது, இயற்பியலோடு மின்னணுவியல், கருவிகள் சார்ந்த பாடங்களும் அதில் கூடுதலாக வரும்.

இவை எல்லாவற்றுக்கும் விண்ணப்பக் காலம் பிளஸ் டூ முடிவு வரும் சமயத்திலோ அதற்கு முன்போ கடந்துவிடுகிறது. இதற்காக ஓராண்டு வீட்டில் இருந்து படிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பயிற்சி மையமும் வழிகாட்டும் ஆளும் அருகில் இல்லாத நிலையில் அதை நான் பரிந்துரைப்பதில்லை. இப்போது கிடைக்கும் பி.எஸ்சி. இடத்தில் சேர்ந்துவிடுங்கள். ஐசர் மீது ஆசை தீரவில்லையென்றால், பிளஸ் டூ எந்த ஆண்டில் முடித்தவர்கள் எழுதலாம் என்பதை அடுத்த அறிவிப்பில் பார்த்து, முதலாண்டு படித்துக்கொண்டே ஒருமுறை எழுதிப் பார்க்கலாம். கிடைத்தால் மகிழ்ச்சி, கிடைக்காவிட்டாலும் கல்லூரியில் ஓராண்டு முன்னேறியிருப்பீர்கள்.

இனி உங்கள் கல்லூரிப் பாடத்திட்டத்துக்கு வருவோம். தமிழகப் பல்கலைக்கழகங்களின் பி.எஸ்சி. இயற்பியல் ஆறு பருவங்களில் நடக்கிறது. மொழிப் பாடங்கள் தவிர, முதன்மைப் பாடத்தில் இயக்கவியல், பருப்பொருளின் பண்புகள், வெப்ப இயக்கவியல், ஒளியியல், மின்னியலும் காந்தவியலும், அணு இயற்பியல், அணுக்கரு இயற்பியல், குவாண்டம் இயக்கவியல், திண்மநிலை இயற்பியல், மின்னணுவியல் ஆகியவை வரும். கல்லூரிக்குக் கல்லூரி பருவ வரிசை மாறலாம். உள்ளடக்கம் பெரிதும் மாறுவதில்லை. நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது, பலரும் வெறும் தேர்ச்சிக்காகப் படித்துக் கடந்துவிடும் துணைப் பாடத்தை, அதாவது அலைடு பாடத்தை. அலைடு கணிதம் இருக்கிறதா, எத்தனை பருவம் இருக்கிறது என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். ஐஐடிகளில் எம்.எஸ்சி. இயற்பியலுக்கு விண்ணப்பிக்கும்போது பட்டப்படிப்பில் கணிதம் குறைந்தது இரண்டு பருவமாவது இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சில இடங்களில் காண்பீர்கள். கணிதமும் வேதியியலும் துணைப் பாடங்களாக அமைந்த பட்டம் கையில் இருந்தால், கல்பாக்கம் போன்ற அணுசக்தித் துறை மையங்களின் பயிற்சிப் பணியிட அறிவிப்புகளைப் பார்க்கும்போதும் தகுதி குறித்த குழப்பம் வராது.

ஆனால் விண்ணப்ப நிபந்தனையைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பட்டப்படிப்பு இயற்பியலில் நல்ல மாணவர்கள் தடுமாறும் இடங்களைப் பல ஆண்டுகளாக வகுப்பறையில் கவனித்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை இயற்பியல் புரியாததால் வருபவை அல்ல, அதற்குத் தேவையான கணிதம் ஒரு பருவம் தாமதமாக வருவதால் நேர்பவை. மின்னியல் தாளில் காஸ் விதியை வகைக்கெழு வடிவில் எழுதும்போது டைவர்ஜென்ஸ் (ஒரு புள்ளியிலிருந்து புலம் எவ்வளவு வெளிநோக்கிப் பரவுகிறது என்பதன் அளவு) என்ற சொல் வரும். வெக்டர் நுண்கணிதம் அலைடு கணிதத்தில் அடுத்த பருவத்துக்கு வைக்கப்பட்டிருந்தால், மாணவர் அதை ஒரு குறியீடாக மனப்பாடம் செய்துகொண்டு நகர்ந்துவிடுவார். பிறகு மேக்ஸ்வெல் சமன்பாடுகள் நான்கும் அவருக்கு நான்கு வரிச் செய்யுளாகவே நின்றுவிடும். குவாண்டம் இயக்கவியலிலும் இதே கதைதான். பெட்டிக்குள் அடைபட்ட துகளின் ஆற்றல் மட்டங்களைக் காணும் கணக்கு, இரு முனையிலும் கட்டப்பட்ட கம்பியில் நிலையலை காணும் கணக்கேதான். இரண்டிலும் எல்லையில் அலை சுழியாக வேண்டும் என்ற ஒரே நிபந்தனையால், பெட்டியின் நீளத்துக்குள் அரை அலைநீளங்கள் முழு எண்ணிக்கையில் மட்டுமே பொருந்துகின்றன. இரண்டாம்படி வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்தவருக்கு இது ஒரு மாலை வேலை. தெரியாதவருக்குக் குவாண்டம் என்பதே ஏதோ மாயவித்தை போலத் தோன்றும்.

ஆகவே கணிதத்தை இந்த வரிசையில் ஒரு பருவம் முன்னதாகவே படித்து வையுங்கள். முதலாண்டில் ஒரு மாறி நுண்கணிதத்தைப் பிழையில்லாமல் செய்யும் அளவுக்குக் கை பழக வேண்டும். கூடவே சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகளும் கலப்பெண்களும். மின்னியல் தாள் தொடங்குவதற்கு முன் பகுதி வகைக்கெழுவும் வெக்டர் நுண்கணிதமும். குவாண்டம் தாளுக்கு முன் அணிகள், ஐகன் மதிப்புகள், ஃபூரியர் தொடர். இவ்வளவு போதும், இதற்கு மேல் வேண்டியதைப் பாடமே உங்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். உதவிக்கு என்பிடெல் தளத்தில் ஐஐடிப் பேராசிரியர்களின் விரிவுரைகள் இலவசமாக உள்ளன. மூன்றாமாண்டில், சென்னை ஐஐடியில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் விரிவுரைகளைக் கேட்டுப் பாருங்கள். முதலாண்டிலேயே தொடங்கினால் கடினமாகத் தோன்றி மனம் சோர்ந்துவிடக்கூடும்.

அடுத்தது ஆய்வகம். செய்முறை வகுப்பு என்றால் ரெக்கார்டு நோட்டு எழுதி, வாய்பாட்டில் எண்களை இட்டு, புத்தகத்தில் உள்ள விடைக்கு அருகில் வந்தால் கையொப்பம் வாங்கும் சடங்காகப் பல இடங்களில் ஆகிவிட்டது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். ஏனென்றால் நம் கல்லூரிகளில் இருக்கும் பழைய சோதனைகளே போதுமான இயற்பியலைக் கற்றுத்தரக்கூடியவை. கூட்டு ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். அலைவு நேரம் 1.6 விநாடி என்றும், நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதத்தால் 0.2 விநாடி பிழை வரும் என்றும் வைத்துக்கொள்வோம். 10 அலைவுகளை அளந்தால் மொத்தம் 16 விநாடி, பிழை 1.25 விழுக்காடு. வாய்பாட்டில் அலைவு நேரம் இருமடியாக வருவதால் விடையில் அது 2.5 விழுக்காடாகிவிடுகிறது. 50 அலைவுகளை அளந்தால் 80 விநாடி. விடையில் பிழை 0.5 விழுக்காடுதான். அதே கருவி, அதே கை. கூடுதலாக ஒரு நிமிடப் பொறுமை மட்டுமே. நீளமான பட்டையை வளைத்து யங் குணகம் காணும் சோதனையில் அகலத்தை வெர்னியர் அளவியாலும் தடிமனைத் திருகு அளவியாலும் அளக்கச் சொல்வார்கள். ஏன் என்று கேட்கும் மாணவர் அரிது. தடிமன் வாய்பாட்டில் மும்மடியாக வருகிறது. 5 மில்லிமீட்டர் தடிமனை 0.1 மில்லிமீட்டர் பிழையோடு அளந்தால் விடையில் 6 விழுக்காடு பிழை. திருகு அளவியால் 0.01 மில்லிமீட்டருக்கு அளந்தால் 0.6 விழுக்காடு. ஒவ்வொரு சோதனையிலும் எந்த அளவீடு விடையை அதிகம் கெடுக்கிறது என்று ரெக்கார்டின் ஓரத்தில் இரண்டு வரி எழுதிப் பழகுங்கள். ஆராய்ச்சி நிறுவன நேர்காணல்களில் பி.எஸ்சி. மாணவர்களிடம் எதிர்பார்க்கப்படுவது பெரும்பாலும் இந்த வகைப் புரிதல்தான்.

கணினி அறிவியல் படித்தவர் நீங்கள். பிளஸ் டூவில் கற்ற பைத்தானைக் கைவிட்டுவிடாதீர்கள். காற்றுத் தடையோடு விழும் பந்தின் வேகத்தைச் சிறு சிறு நேரத் துண்டுகளாகக் கணக்கிட்டு வரைபடம் போடும் நிரல் ஒன்றை முதல் பருவத்திலேயே எழுதிப் பார்க்கலாம்.

சில கல்லூரிகளில் கணினிப் பயன்பாட்டுடன் கூடிய இயற்பியல் என்பது போன்ற பெயர்களிலும் பட்டங்கள் உள்ளன. பாடங்கள் நன்றாகவே இருக்கக்கூடும். ஆனால் அரசு வேலைக்கு, குறிப்பாக ஆசிரியர் பணிக்கு, அந்தப் பட்டம் பி.எஸ்சி. இயற்பியலுக்கு இணையானது என்று அரசாணை உள்ளதா என்பதைப் பார்த்த பிறகே சேருங்கள். படித்து முடித்து, தேர்வில் வென்று, சான்றிதழ் சரிபார்ப்பில் பட்டத்தின் பெயருக்காக நிறுத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

பயிற்றுமொழி பற்றியும் நீங்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கும். முதல் வகுப்பிலிருந்து பட்டம் வரை முழுவதும் தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு உள்ளது. இடையில் ஆங்கிலவழிக்கு மாறினால் அந்தத் தகுதி போய்விடும். ஆசிரியர் பணிதான் இலக்கு என்றால் தமிழ்வழியில் தொடர்வதற்கு இது வலுவான காரணம். ஆராய்ச்சிதான் இலக்கு என்றாலும் தமிழ்வழி தடையல்ல, ஆனால் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்தில் வரும் என்பதால், முதலாண்டு முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆங்கில நூலையும் பக்கத்தில் வைத்துக் கணக்குகளை அதிலிருந்து செய்யுங்கள்.

அந்த நுழைவுத் தேர்வின் பெயர் ஜாம். மூன்றாமாண்டு படிக்கும்போதே எழுதலாம். வழக்கமாக பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர் வாக்கில் தொடங்கிவிடும். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். ஐஐடிகளின் எம்.எஸ்சி., இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த முனைவர் படிப்பு, திருச்சி உள்ளிட்ட என்ஐடிகளின் எம்.எஸ்சி. ஆகியவற்றுக்கு இந்த ஒரே தேர்வு வழிவிடுகிறது. இதன் பாடத்திட்டத்தைக் கல்லூரிப் பாடத்திட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பகுதி ஒன்றுதான் என்பது தெரியும். கேட்கும் விதம்தான் வேறு: பல்கலைக்கழகத் தேர்வு வருவித்தலைக் கேட்கும், ஜாம் அந்த வருவித்தலைப் பயன்படுத்தும் கணக்கைக் கேட்கும். அதனால் ஒவ்வொரு அலகு முடிந்ததும் பழைய ஜாம் வினாக்களில் அந்த அலகுக்கு உரியவற்றை உடனே செய்து பாருங்கள். இரண்டாமாண்டிலிருந்து, நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கத் தவறாதீர்கள்.

பணம் குறித்து நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பிளஸ் டூ மதிப்பெண்ணில் மாநில அளவில் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்திருந்தால் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரையிலான அந்த உதவி அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கே உரியது, அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்தாலும் பொருந்தும்.

கலந்தாய்வுக்குப் போகும் நாளில் இயற்பியல் துறைக்கு நேரில் சென்று, அலைடு கணிதம் எந்தெந்தப் பருவத்தில் வருகிறது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் செய்முறை வகுப்பு, ஜாம் எழுதிச் சென்ற முன்னாள் மாணவர் யாராவது இருக்கிறாரா என்ற மூன்றையும் கேளுங்கள். அப்படி ஒருவர் இருந்தால் அவருடைய தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பு தொடங்கும்வரை உள்ள வாரங்களில், பிளஸ் டூ கணிதப் புத்தகத்தில் வகையீடும் தொகையீடும் உள்ள அத்தியாயங்களின் பயிற்சிக் கணக்குகளை, பொதுத் தேர்வுக்காக விட்டுவிட்டவை உட்பட, ஒன்று விடாமல் மீண்டும் போட்டு முடித்துவிடுங்கள்.