வால்வு (வெற்றிடக் குழாய்) பெருக்கியில் 350 வோல்ட் மின்தேக்கி உப்புவது பற்றி

250-0-250 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு (நடுமுனையிலிருந்து இருபுறமும் 250 வோல்ட் தருவது) 350 வோல்ட் வடிகட்டி மின்தேக்கி போதாது. குறைந்தது 450 வோல்ட் தாங்குவதைப் போடுங்கள்.

பாட்டு ஒலிக்கையில் மீட்டர் 320 வோல்ட்தான் காட்டுகிறது, ஆனாலும் மூடி உப்புகிறது என்று எழுதியிருந்தீர்கள். 250 வோல்ட் மாறுமின்னழுத்தத்தின் உச்சம் ஏறத்தாழ 353 வோல்ட்; அதை நேர்மின்னழுத்தமாக்கும் சிலிக்கான் டையோடுகள் உடனே கடத்துவதால், வால்வுகள் சூடேறி மின்னோட்டத்தை இழுக்கத் தொடங்கும்வரை அந்த உச்சம் முழுவதும், சுமையில்லாத டிரான்ஸ்ஃபார்மரில் அதற்குச் சற்று மேலும், மின்தேக்கியின் தலையில் ஏறுகிறது. பெரும்பாலும் காரணம் இதுதான்.

புதியதைப் பொருத்தியபின், வெளியீட்டு வால்வுகளைக் கழற்றிவிட்டு மின்தேக்கியின் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். 400ஐத் தாண்டினால் 500 வோல்ட் வகையே நல்லது.

பின்னாளில் டையோடுகளுக்குப் பதிலாக, அதே வேலையைச் செய்யும் ஜிஸெட்34 (GZ34) வால்வுக்கு மாறினால், அதை அடுத்துவரும் முதல் மின்தேக்கி 60 மைக்ரோஃபாரடைத் தாண்டக்கூடாது. அணைத்த பின்னும் மின்னேற்றம் தங்கியிருக்கும். கை வைக்குமுன் மின்தடை வழியாக வடித்து, மீட்டரில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.