டென்னிஸ் ரிச்சியே பிஎச்டி பட்டம் வாங்கவில்லையாமே, ஆபரேட்டிங் சிஸ்டம் வேலைக்கு டிகிரி அவசியமா?

கேட்பவர் அரியர் வைத்திருக்கும் தம்பி என்று நினைக்கிறேன். நான் டிப்ளமோ முடித்து, வேலை பார்த்துக்கொண்டே பி.இ. படித்தவன். அந்த உரிமையில் சொல்கிறேன், யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ரிச்சியைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள்.

அவர் படிப்பைப் பாதியில் விட்டவர் இல்லை. ஹார்வர்டில் இயற்பியல் பட்டம் வாங்கியவர். 1968-இல் பிஎச்டி ஆய்வேட்டையும் எழுதிவிட்டார். பைண்ட் செய்த பிரதியைக் கொடுக்காததால் பட்டம் வரவில்லை, அவ்வளவுதான். அதற்கு முந்தைய ஆண்டே பெல் லேப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாயிற்று. அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். நமக்கு அந்த வசதி உண்டா? (சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அதையும் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார்.)

1969-இல் அங்கே கூட வேலை பார்த்த கென் தாம்ப்சன் யாரும் சீண்டாத ஒரு பிடிபி-7 கம்ப்யூட்டரில் யூனிக்ஸைத் தொடங்க, ரிச்சியும் கூட நின்றார். பிறகு ரிச்சி சி மொழியை உருவாக்கினார். 1973-இல் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலையே சி-யில் திருப்பி எழுதினார்கள். அதுவரை பெரும்பாலும் அந்தந்த மெஷினுக்கே உரிய அசெம்பிளி மொழிதான். மெஷின் மாறினால் முதலிலிருந்து எழுத வேண்டும். அம்பத்தூரில் நைட் ஷிஃப்ட் பார்த்தபோது ஏஐஎக்ஸ், சோலாரிஸ், லினக்ஸ் என்ற யூனிக்ஸ் வகை சிஸ்டங்கள் மூன்றும் என் தலையில்தான். சிப் வேறு வேறு. ஆனால் மூன்றிலும் பிஎஸ், கிரெப் என்று அதே கட்டளைகளைத்தான் அடிப்பேன். 1983-இல் இருவருக்கும் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது கொடுத்தது சும்மா இல்லை.

டிகிரியே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஓஎம்ஆரில் ஒரு கம்பெனி இன்டர்வியூ. "ஜாம்பி ப்ராசஸுக்குக் கில் மைனஸ் நைன் கொடுத்தும் ஏன் போகவில்லை?" என்றார்கள். (ஜாம்பி என்றால் ஓடி முடிந்தும் பட்டியலில் பெயர் மட்டும் நிற்கும் ப்ரோகிராம். கில் மைனஸ் நைன் என்றால் ப்ரோகிராமைக் கட்டாயமாக நிறுத்தும் கட்டளை.) "செத்ததை மறுபடி எப்படி சார் கொல்வது? ரேஷன் கார்டில் இறந்தவர் பெயர் மாதிரிதான், வீட்டுக்காரர் போய் நீக்க வேண்டும். அதைத் தொடங்கிவைத்த பேரன்ட் ப்ராசஸ் வெயிட் கூப்பிட்டால்தான் ப்ராசஸ் டேபிளிலிருந்து போகும்" என்றேன். சிரித்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். டிகிரியைப் பற்றி அந்த அறையில் பேச்சே இல்லை.

அப்புறம் வந்தது வெரிஃபிகேஷன். மார்க்‌ஷீட்டில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். "சர்நேம் மிஸ்மேட்ச்" என்று ஆஃபரை நிறுத்திவிட்டார்கள். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குச் சர்நேமே கிடையாது என்று எத்தனை மெயில் போட்டாலும் அதே பதில். கடைசியில் ஹைகோர்ட் பக்கம் நோட்டரியைப் பிடித்து அஃபிடவிட் கொடுத்த பிறகுதான் சேர்த்துக்கொண்டார்கள்.

அரியரை எழுதி முடியுங்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலைக் கவனியுங்கள்.