டைம்_டி-யை (time_t, சி மொழியில் நேரத்தை வினாடிகளாக வைக்கும் டேட்டா டைப்) 64 பிட்டாக்க ஹெடர் ஃபைலைத் திருத்தினால் போதாதா? கம்பைலர் டூல்செயினையே ஏன் மாற்ற வேண்டும்?

போதாது. டூல்செயின் என்பது கம்பைலர் மட்டுமல்ல. நியூலிப் (சிறிய சிப்களுக்கான சி லைப்ரரி) போன்ற சி லைப்ரரியும் சி++ லைப்ரரியும் அதோடு ஏற்கெனவே கம்பைல் ஆகித்தான் வருகின்றன. ஹெடரை மட்டும் மாற்றினால், உங்கள் கோடு 8 பைட் வேரியபிளின் முகவரியைத் தரும். பழைய டைம் ஃபங்ஷன் அதில் 4 பைட் மட்டும் எழுதும். மேல் பாதியில் குப்பை இருந்தால் வருடம் எங்கோ போய் நிற்கும். கம்பைலர் வாயே திறக்காது.

ஈஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஐடிஎஃப் (அதற்கான அதிகாரப்பூர்வ டெவலப்மென்ட் கிட்) 5.0-க்கு முன் அதன் ரெடிமேட் டூல்செயினில் டைம்_டி 32 பிட்தான். 2038 ஜனவரி 19, யூடிசி 03:14:07-க்கு மேல் எண்ண முடியாது. அகலமாக வேண்டுமென்றால் கிராஸ்டூல்-என்ஜி (டூல்செயின் உருவாக்கும் கருவி) கொண்டு நாமே பில்ட் செய்ய வேண்டியிருந்தது. 5.0-இலிருந்து 64 பிட்டாகவே வருகிறது. ஆனால் சிப்பின் ரோமில் (ROM, படிக்க மட்டுமே முடிந்த, மாற்ற முடியாத நினைவகம்) பதிந்த நேர ஃபங்ஷன்கள் 32 பிட்டுக்கானவை. அவற்றை விட்டுவிட்டு ஃபிளாஷில் புதியவற்றை வைப்பதால் பைனரி கொஞ்சம் பெருக்கும். எனக்கு அது நியாயமான விலைதான்.

அப்புறம், பழைய ஃபர்ம்வேர், டைம்_டி உள்ள ஸ்ட்ரக்ட்டை (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பு) அப்படியே ஃபிளாஷில் சேமித்திருந்தால் அதன் அளவு மாறிவிடும். அப்டேட் அனுப்பும் முன் அதைப் பாருங்கள். பிரிண்ட்எஃப்பில் நேரத்தை லாங் என்று அச்சிடும் இடங்களையும் லாங் லாங் ஆக்குங்கள்.