அக்காவும் தம்பியும் முதல்முறை மத்திய தரைக்கடல் க்ரூஸ் போவதற்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: "காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். அக்கா தருமபுரியில் அரசுப் பள்ளி ஆசிரியை. செப்டம்பர் கடைசியில் இருவரும் 7 இரவு மத்திய தரைக்கடல் க்ரூஸ் போக நினைக்கிறோம். ஐரோப்பாவுக்கே இதுதான் முதல் தடவை. என்னென்ன கவனிக்க வேண்டும்?"

முதலில் துறைமுகப் பட்டியலைக் கையில் எடுங்கள். கப்பலின் படங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நீச்சல் குளமும் நாடக அரங்கும் எல்லாப் பெரிய கப்பலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த நாட்டு விசா, எத்தனை நுழைவு, எந்த விமான நிலையம் என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்தப் பட்டியல்.

முதல் பயணத்துக்கு மேற்குச் சுற்று போதும்: ரோமுக்கான துறைமுகமான சிவிட்டாவெக்கியா, ஜெனோவா, மார்செய், பார்சிலோனா, நேப்பிள்ஸ் போன்றவை. எல்லாமே ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் இருப்பவை. நடுவில் துனிஸ், துருக்கி, மாண்டினீக்ரோ என்று ஒன்று வந்தாலும் கப்பல் ஷெங்கன் எல்லையைத் தாண்டித் திரும்பி வருகிறது என்று அர்த்தம். அப்போது ஒற்றை நுழைவு விசா உதவாது, பல நுழைவு வேண்டும். குரோஷியா 2023 முதல் ஷெங்கனில் இருக்கிறது, ஆகையால் பழைய பயணக் குறிப்புகளை நம்பிக் குழம்ப வேண்டாம்.

சுற்றில் எந்தத் துறைமுகத்திலும் ஏறலாம் என்று சில கம்பெனிகள் விடுகின்றன. உங்களுக்கு சிவிட்டாவெக்கியாதான் வசதி. பெங்களூரிலிருந்து தோஹா, துபாய் வழியாக ரோமுக்கு விமானம் கிடைக்கும். கப்பல் கிளம்புவதற்கு முந்தைய நாளே ரோம் போய் ஓர் இரவு, இறங்கிய பிறகு இரண்டு இரவு தங்குங்கள். விமானம் தாமதமானாலும் கப்பல் தப்பாது. ஷெங்கன் விதிப்படி அதிக நாள் தங்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும், நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில். இந்த மூன்று இரவும் சேர்ந்தால் இத்தாலிதான் என்பதில் சந்தேகமே வராது.

விசாவுக்குப் பயண நாளுக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் 10 வருடத்துக்குள் வாங்கியதாகவும், ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் செல்லுபடியாகிறதாகவும், இரண்டு வெற்றுப் பக்கம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். மாம்பழ சீசன் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஜூலை வரை விட்டால் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காமல் திண்டாட நேரும். ஏப்ரலிலேயே தேதி பிடித்துவிடுங்கள்.

உங்கள் விண்ணப்பத்தில் இடறக்கூடிய இடம் வங்கிக் கணக்கு. தோப்பைக் குத்தகைக்கு விட்டிருந்தாலும், காயை மண்டிக்கோ கூழ் தொழிற்சாலைக்கோ போட்டிருந்தாலும் பணம் ஒரே அடியாகத்தான் வந்து விழும். பத்து மாதம் வெறிச்சென்று கிடந்த கணக்கில் திடீரென்று 6 லட்சம் ஏறினால், விசாவுக்காக யாரிடமோ கைமாற்று வாங்கிப் போட்டதாகத்தான் அதிகாரிக்குத் தோன்றும். அந்த வரவுக்கு நேராக மண்டிச் சீட்டு, தொழிற்சாலை பில், குத்தகைப் பத்திரம் ஆகியவற்றில் எது இருக்கிறதோ அதை இணையுங்கள். சிட்டா, அடங்கலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்குங்கள். விவசாய வருமானத்துக்கு வரி இல்லாவிட்டாலும் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்திருந்தால் நல்லது. கவரிங் லெட்டரில் "மா சாகுபடி, வருடத்துக்கு ஒரு அறுவடை" என்று இரண்டு வரி எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

அக்காவுக்கு வேறு வேலை. அரசு ஊழியர் என்பதால் வெளிநாடு போகத் துறையின் முன் அனுமதி வேண்டும். மேசை மேசையாக நகர்ந்து வர நாளாகும். காலாண்டு விடுமுறை மட்டும் போதாது. விமானத்தோடு சேர்த்து 11, 12 நாள் ஆகும், மீதி நாளுக்கு விடுப்பும் அதே கடிதத்தில் கேட்கட்டும்.

அடுத்தது பெயர். நம் ஊர் இன்ஷியல் முறைக்கும் ஐரோப்பியப் படிவத்துக்கும் ஒத்துவராது. தம்பியின் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், பெயரும் அப்பா பெயரும் கிவன் நேமில் சேர்ந்து கிடக்கும். அக்காவுக்குச் சர்நேமில் கணவர் பெயர். க்ரூஸ் இணையதளமோ சர்நேம் போடாமல் அடுத்த பக்கத்துக்கே விடாது. அங்கே அவசரத்துக்கு ஒற்றை எழுத்து இன்ஷியலைத் தட்டிவிடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. பாஸ்போர்ட்டின் கீழே இருக்கும் இரண்டு வரி இயந்திர எழுத்தைப் பாருங்கள். விமானத்திலும் துறைமுகத்திலும் அதைத்தான் படிப்பார்கள். சர்நேம் காலி என்றால் எப்படி நிரப்புவது என்று க்ரூஸ் கம்பெனியிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்தி, விமான டிக்கெட், இன்சூரன்ஸ், ஹோட்டல் அனைத்திலும் அதே மாதிரி போடுங்கள். பாஸ்போர்ட்டில் மொத்தமே ஒற்றைப் பெயர்தான் என்றால் துபாயில் வெளியே போய்ச் சுற்றும் திட்டம் வேண்டாம். ஒற்றைப் பெயருக்கு விசிட் விசாவில் அங்கே சிக்கல் வரலாம். இருவரின் செலவையும் ஒருவர் ஏற்பதாக இருந்தால் உடன்பிறந்தவர் என்பதற்கு ஆதாரம் வேண்டும். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா அம்மா பெயர் இருந்தால் அந்த நகலே பேசும்; இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ்.

இருவரும் ஒரே நாளில் சேர்ந்து விண்ணப்பித்தாலும் முடிவு தனித்தனியாகத்தான் வரும். ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்கு மறுக்கப்படுவது உண்டு. கேபின் விலை இரண்டு பேர் தங்குவதாகக் கணக்கிடப்பட்டது, ஒருவர் மட்டும் போனால் தலைக்கு வரும் செலவு எகிறும். ஆகவே ரத்து செய்தால் பணம் திரும்பும் கட்டணத்தில் முன்பதிவு செய்யுங்கள். பாக்கிப் பணம் பெரும்பாலும் கிளம்புவதற்கு 60 முதல் 90 நாளுக்கு முன் கட்ட வேண்டியிருக்கும். அந்தத் தேதிக்குள் விசா கையில் வருமாறு பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஏஜென்ட் மூலம் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ், அதாவது பணம் வாங்கும்போதே வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். அது கூடுதல் செலவில்லை, ரிட்டர்னில் வரவு வைத்துக்கொள்ளலாம்.

கேபினில் இரட்டைக் கட்டில் ஒன்றாகச் சேர்த்துப் போட்டிருப்பதுதான் வழக்கம். முன்பதிவிலேயே "இரண்டு தனிக் கட்டில்" என்று குறிக்கச் சொல்லுங்கள். ஜன்னல் இல்லாத உள் கேபின் போதும், தூங்க மட்டும்தானே. வாந்தி பயம் இருந்தால் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மார்செய் பக்கம் மிஸ்ட்ரால் என்ற பலத்த காற்று வீசினால் பெரிய கப்பலும் அசையும். மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே போட வேண்டும்.

சாப்பாட்டுக்குப் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாம். நெய்யும் பால்கோவாவும் கூடாது. வெளியிலிருந்து வருபவர்கள் இறைச்சி, பால் பொருள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. தோப்பில் கடைசியாக நின்ற நீலம் ரக மாம்பழத்தையும் பெட்டியில் போட வேண்டாம், தாவர நலச் சான்று இல்லாமல் மாம்பழம் உள்ளே போகாது. குட்டி ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ் எல்லாம் கப்பல் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சுத்த சைவம் என்றால் முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

ஊரிலிருந்து கிளம்பும் நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர்தான், ஆனால் விமான நிலையம் ஊருக்கு அந்தப் பக்கம் தேவனஹள்ளியில். அத்திப்பள்ளி டோலில் இருந்து சில்க் போர்டு வரை சாயங்காலத்தில் எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதிகாலை விமானத்துக்கு முந்தைய நாள் மத்தியானமே கிளம்பி அங்கே காத்திருப்பது நல்லது. சர்வதேச விமானங்கள் டெர்மினல் 2.

துறைமுக நாளில் முதல் கணக்கு, எத்தனை மணிக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும் என்பது. கப்பல் கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்னதாக அது இருக்கும். கப்பல் கம்பெனியின் சுற்றுலாவில் போனவர்களுக்காகக் கப்பல் நிற்கும். சொந்தமாகப் போனவர்களுக்காக நிற்காது. நேப்பிள்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே முனிச்சிபியோ மெட்ரோ நிலையம். அங்கிருந்து காரிபால்டி நிலையம் போய், சர்க்கும்வெசுவியானா ரயிலில் சொரெண்டோ பக்கம் ஏறினால் 35, 40 நிமிடத்தில் பழைய ரோமானிய நகரத்தின் இடிபாடுகள் இருக்கும் பொம்பேய் ஸ்காவி நிலையம். வழி தெரியாமல் நிற்பது, கூட்டம், ரயில் ரத்து எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போக ஒன்றரை மணி, வர இரண்டு மணி என்று வையுங்கள். மாலை 5:30க்குக் கப்பலில் இருக்க வேண்டுமென்றால் 3:15க்குப் பொம்பேயை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். 2024 நவம்பர் முதல் பொம்பேயில் நாளைக்கு 20,000 பேர்தான், டிக்கெட்டும் பெயர் போட்டது. அதிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் பெயர் இருக்க வேண்டும். அந்த ரயிலில் ஜேப்படி அதிகம், பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். இத்தாலியில் காகித ரயில் டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் மெஷினில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம்.

பார்சிலோனாவில் சக்ராடா ஃபமிலியா தேவாலயத்துக்கு ஊரிலிருந்தே டிக்கெட் எடுத்துவிடுங்கள். ரோமில் தங்கும் நாள் ஞாயிறு என்றால் வத்திக்கான் மியூசியம் மூடியிருக்கும், மாதக் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. மார்செயில் கப்பல் நிற்கும் இடம் ஊரிலிருந்து தள்ளி, நடக்க முயல வேண்டாம்.

கடல் நடுவே போனை ஏரோபிளேன் மோடில் வையுங்கள். கப்பலுக்கென்று தனி செல்போன் நெட்வொர்க் உண்டு, சாதாரண ரோமிங் பேக் அதில் செல்லாது. போன் தானாக நெட் இழுத்தால் பில் ஆயிரக்கணக்கில் வரும்.

கப்பலில் காசு கிடையாது, கேபின் அட்டைதான். இரண்டு அட்டையும் ஒரே கிரெடிட் கார்டில் இணைந்திருந்தால் யார் என்ன வாங்கினார்கள் என்று கடைசியில் பிரிப்பது சிரமம். முதல் நாளே வரவேற்பில் சொல்லி அக்கா கணக்கு, தம்பி கணக்கு என்று பிரித்துவிடுங்கள். தினசரி சேவைக் கட்டணம் தானாக ஏறும், சாப்பாட்டு மேசையில் பாட்டில் தண்ணீருக்கும் பல கப்பல்களில் காசு. கடைசி நாளுக்கு முந்தைய இரவே பில்லை எடுத்துப் பாருங்கள். கடைசி நாள் காலையில் அந்தக் கவுன்டரில் வரிசை நீளமாக இருக்கும், பெரிய பெட்டிகளோ முந்தைய இரவே கதவுக்கு வெளியே போயிருக்கும். மாத்திரை, பாஸ்போர்ட், மறுநாள் போட வேண்டிய துணி மூன்றையும் கைப்பையில் எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள்.