தமிழும் மலாயும் சரளம், ஆங்கிலத்தில் மட்டும் இறந்தகாலம் குழம்புகிறது. கோலாலம்பூரில் வேலை செய்யும் நான் எந்தப் பேச்சிலிருந்து பழகத் தொடங்கலாம்?

பகலில் போடும் குட்டித் தூக்கத்தைப் பற்றிப் பேசிப் பழகுங்கள். யாரிடமும் பேசக்கூடிய விஷயம். உங்களைக் குழப்பும் வினைச்சொற்களும் அதிலேயே கிடைக்கின்றன.

மலாயில் ‘தீடோர்’ (தூங்கு) என்ற சொல் காலத்துக்கேற்ப மாறாது. முன்னால் ‘சூடா’ (ஏற்கெனவே) சேர்த்தால் முடிந்தது. ‘ஐ ஸ்லீப் ஆல்ரெடி’ என்று வாயில் வருவது அந்தப் பழக்கத்தால்தான். இந்த இடத்தில் மலாயை விட்டுவிட்டுத் தமிழைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய வேறுபாடுகள் தமிழில் அப்படியே இருக்கின்றன.

‘தூங்கிட்டு இருந்தேன்’ என்பது ‘ஐ வாஸ் ஸ்லீப்பிங்’. ‘தூங்கிப்போயிட்டேன்’ என்றால் ‘ஐ ஃபெல் அஸ்லீப்’. எல்ஆர்டி ரயிலில் கண் அசந்து மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டால், ‘ஐ டோஸ்ட் ஆஃப் அண்ட் மிஸ்ட் மை ஸ்டாப்’. அங்கே ‘ஐ டுக் எ நேப்’ சரிப்படாது, ஏனென்றால் அது நினைத்துப் படுத்த தூக்கம். மீட்டிங்கில் கண் அசந்ததை மேனேஜரிடம் ‘டுக் எ நேப்’ என்று சொன்னால், வேண்டுமென்றே தூங்கியதாக அர்த்தமாகிவிடும். இந்த ஒரு வேறுபாட்டை முதலில் கெட்டியாகப் பிடியுங்கள்.

‘நேப்’ என்று தமிழில் எழுதினாலும் அப்படி நீட்டிச் சொல்லாதீர்கள். நீட்டினால் பிடரியைக் குறிக்கும் வேறு சொல் ஆகிவிடும். பூனைக்கான ஆங்கிலச் சொல்லில் வரும் அதே உயிரொலிதான் இதிலும். வாயை அகலத் திறந்து சட்டென்று முடியுங்கள்.

‘தூக்கம் வருது’ என்பதை ‘ஸ்லீப் இஸ் கமிங்’ என்று மாற்ற வேண்டாம். ‘ஐ ஆம் ஸ்லீப்பி’ போதும். ‘ஐ ஸ்லெப்ட் லேட்’ என்றால் நம் ஊரில் தாமதமாகப் படுத்ததாகப் புரியும். அமெரிக்கரோ பிரிட்டிஷ்காரரோ தாமதமாக எழுந்ததாக எடுத்துக்கொள்ளலாம். ‘ஐ வென்ட் டு பெட் லேட்’ என்றால் குழப்பமே இல்லை.

பயிற்சிக்குத் தினமும் 5 வாக்கியம் போதும்: தூக்கம் வந்தது, படுத்தது, இடையில் போன் அடித்தது, எழுந்தது, எழுந்தபின் எப்படி இருந்தது. போனில் பதிவுசெய்து அன்று இரவே கேளுங்கள். நேர அளவுக்கு ‘ஃபார்’ போடுங்கள்: ‘ஐ நேப்ட் ஃபார் ட்வென்டி மினிட்ஸ்’. பிறகு நண்பரிடம் கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள். அதிகம் சறுக்குவது இங்கேதான்: ‘டிட் யூ ஸ்லெப்ட்’ தவறு, ‘டிட் யூ ஸ்லீப்’ சரி. ‘டிட்’ வந்துவிட்டாலே இறந்தகாலம் வந்துவிட்டது. அடுத்த வினைச்சொல்லை மாற்றக் கூடாது.